துணைவர் உடன் வருகிறாரா?

ஜூன் 4
பெண்கள் விடுதி, மூன்றாம் மாடி

அன்புள்ள உங்களுக்கு,

நலமா என்று கேட்டால், "போன்ல கேக்க மாட்டியா?" என்பீர்கள். போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் "சரி, வை" என்று சொல்லிவிடுகிறோம். காகிதத்தில் யாரும் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் இது.

வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகைக்கு இந்த வருடமும் விண்ணப்பிக்கிறேன். பதினான்கு மாதம். படிவம் போய்ச் சேரக் கடைசி நாள் 25. நான் ஆராயும் புல்லுக்கு முதன்முதலில் பேர் வைத்தவர் பிடுங்கிக் காயவைத்து ஒட்டிய செடி அங்கே ஒரு காட்சியகத்தின் இழுப்பறையில் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்காமல் என் ஆய்வேடு நகராது. இது உங்களுக்கு மனப்பாடம்.

இணைத்திருக்கும் தாளைப் படியுங்கள். "ஆய்வின் அவசியத்தைத் துறை சாராத ஒருவருக்குப் புரியும்படி இருநூறு சொற்களில் எழுதுக" என்கிறார்கள். ஆறு முறை கிழித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த துறை சாராதவர் நீங்கள்தான்.

படிவத்தையும் வைத்திருக்கிறேன். 17-ஆம் கேள்வியைப் பாருங்கள். "துணைவர் உடன் வருகிறாரா? ஆம் / இல்லை." கீழே உங்கள் கையெழுத்து வேண்டும். ஆம் என்றால் உங்களுக்கும் விசா, தங்க இடம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இரண்டு கட்டம்தான். "பார்க்கலாம்" என்று மூன்றாவது கட்டம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
டாக்டரம்மா (இன்னும் ஆகவில்லை)


ஜூன் 9
வீடு

டாக்டரம்மாவுக்கு,

கடிதமும் தாள்களும் வந்தன. இருநூறு சொல்லையும் மூன்று தடவை படித்தேன். உண்மையைச் சொன்னால் கோபப்படக் கூடாது. இரண்டாவது வரியிலேயே நான் இறங்கிவிட்டேன். எல்லோரும் ஒரே புல் என்று நினைப்பது இரண்டு புல், அதில் ஒன்று மட்டும் உப்பு மண்ணில் காயாமல் நிற்கிறது என்று நீ கடைசி வரியில் சொல்கிறாய். அதைத் தூக்கி முதலில் வை. உப்பு மண்ணில் நிற்கிறது என்றால் எவனும் நிமிர்ந்து உட்காருவான். மீதியெல்லாம் தானாகப் படிப்பான்.

இங்கே வழக்கம்போல். போன வாரம் ஜவுளிக் கடை லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு ஆடிட்டரும் அவர் மனைவியும். நாற்பது நிமிடம். நான் கதவைத் திறந்தபோது உச்சக்கட்டச் சண்டை. என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் கப்சிப். "வேணும்னா கதவை மூடிடவா சார்?" என்று கேட்டேன். அந்த அம்மாதான் முதலில் சிரித்தார்.

அம்மா நன்றாக இருக்கிறாள். "புல்லு புடுங்குறதுக்கா அவ்ளோ தூரம் போகணும்?" என்றாள். "புடுங்கி வச்சதைப் பாக்கத்தாம்மா போறா" என்றேன். இன்னும் கவலையாகிவிட்டாள்.

ஒரு விஷயம். தொடர்பு முகவரியில் விடுதியை எழுதியிருக்கிறாய். நம் வீடு என்ன ஆயிற்று?

17-ஐ யோசிக்கிறேன்.

உன் மெக்கானிக்


ஜூன் 13
விடுதி

அன்புள்ள உங்களுக்கு,

உப்பு மண்ணை முதல் வரியில் வைத்தேன். கைடு அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை இப்படி எழுதச் சொன்னது யாரு?" என்றார். "லிப்ட் மெக்கானிக்" என்றேன். "அவரையே ஆய்வேட்டையும் எழுதச் சொல்லு" என்றார்.

எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஆய்வகத்தில் உட்கார்ந்தால் நூலகம் போக வேண்டும் போலிருக்கிறது. நூலகம் போனால் ஏன் வந்தேன் என்று மறந்துவிடுகிறது. நேற்று காலை மட்டும் நான்கு டீ. அறைத்தோழி, "உக்காருக்கா, பாக்குற எனக்குத் தலை சுத்துது" என்கிறாள். மாதிரித் தாள்களில் எண் ஒட்டும்போது 41-ஐ இரண்டு செடிக்கு ஒட்டியிருக்கிறேன். கண்டுபிடித்துப் பிரிக்க ஒரு பகல் போயிற்று.

முகவரியைப் பற்றிக் கேட்டீர்கள். போன வருடம் நேர்காணல் அழைப்பு என் கைக்கு வந்தபோது நேர்காணல் முடிந்து இரண்டு நாள். உதவித்தொகை தரும் அந்த அறக்கட்டளைக்கு இன்னும் எல்லாமே பதிவுத் தபால்தான். நேரில் போய்க் கேட்டேன். "அனுப்பிட்டோம்மா, எங்க வேலை முடிஞ்சுது" என்று குமாஸ்தா ஜன்னலை மூடிவிட்டார். மூடிய ஜன்னல் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று உங்களிடம் சொன்னதில்லை. நம் தெருவுக்குத் தபால் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். மனதில் வேறொன்றும் இல்லை.

17-க்குப் பதில் சொல்லுங்கள். நான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கு "ஆம்" போட ஆசை. மூன்று வருடமாக நீங்கள் அங்கே, நான் இங்கே. லிப்ட் எந்த ஊரிலும் பழுதாகும். வாங்களேன்.

உங்கள்
டாக்டரம்மா


ஜூன் 17
வீடு

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாக வேலையில் கை ஓடவில்லை. நேற்று ஒரு ஸ்பேனரை லிப்ட் குழிக்குள் போட்டுவிட்டேன். மேஸ்திரி வீட்டுக்குப் போகச் சொன்னார்.

தபால் தாமதமாகவில்லை. போன வருடம் அந்தக் கடிதம் சரியான நாளில் வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். என் டூல் பையில் ஒன்பது நாள் இருந்தது. முதல் நாள், சாயங்காலம் போனில் சொல்லலாம் என்றுதான் வைத்தேன். மறுநாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்பாயே என்று வைத்தேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் முந்தின நாளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நேர்காணல் நாள் போனதும் வேறு உறையில் போட்டு, இப்போதுதான் வந்தது என்று சீட்டு எழுதி அனுப்பினேன். நீ என்னை நம்பினாய்.

நீ போனால் வர மாட்டாய் என்று பயம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அது பாதிதான். மீதி பொறாமை. பாலிடெக்னிக்கோடு நின்றவன் நான். "வீட்டம்மா எங்க?" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகத்தான் சொல்வேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் யார் மேலென்று தெரியாமல் எரிச்சலாக இருக்கும்.

"ஆம்" போட ஆசை என்று நீ எழுதாமலிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். இது தெரியாமல் நீ அதைப் போடக் கூடாது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். கட்டத்தை நீயே நிரப்பு. எதைப் போட்டாலும் என் கையெழுத்து அதன் கீழே இருக்கும்.

நான்


ஜூன் 22
விடுதி

கையெழுத்துக் கிடைத்தது. படிவத்தை இன்று நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். 17-க்கு "இல்லை."

போன் செய்ய வேண்டாம்.


ஜூலை 20
வீடு

டாக்டரம்மாவுக்கு,

நான்கு வாரத்தில் இது மூன்றாவது கடிதம். நீ படிக்கிறாயா என்று தெரியாது.

அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "இன்டர்வியூ போயிடுச்சேன்னு அந்தப் பொண்ணு அன்னிக்கு போன்ல அழுதப்போ நீ பக்கத்துல தானே உக்காந்திருந்த?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அப்புறம் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போவாள்.

நான் ஒன்று செய்திருக்கிறேன். அறக்கட்டளைக்குப் பதிவுத் தபால் எழுதினேன். போன வருடம் நீ நேர்காணலுக்கு வராதது உன் தவறு இல்லை, கடிதத்தை மறைத்தவன் கணவனாகிய நானே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது உனக்கு உதவும் என்று நினைக்கிறேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

ஒரு வரி எழுது.

நான்


செப்டம்பர் 2
விடுதி

அன்புள்ள உங்களுக்கு,

உதவித்தொகை கிடைத்துவிட்டது. அத்தையிடம் நேற்றே போனில் சொன்னேன். அழுதார்கள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

நேர்காணல் நடந்த விதத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நீள மேசை, ஐந்து பேர். இரண்டு மாதமாக எதற்காக உட்காராமல் அலைந்தேனோ அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் கேள்வி புல்லைப் பற்றி இல்லை. தலைவர் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டி, "உங்க கணவர் எங்களுக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்காரு. தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "படிக்கிறீங்களா?" என்று நீட்டினார். ஓரத்தில் இருந்த அம்மா ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்த அறையில் நான் ஒரு ஆராய்ச்சியாளராக நுழைந்தேன். ஒரு நிமிடத்தில் யாரோ ஒருவரின் பாவப்பட்ட மனைவியாகிவிட்டேன்.

"வேண்டாம் சார். புல்லைப் பத்திக் கேளுங்க" என்றேன்.

கேட்டார்கள். நாற்பது நிமிடம் கேட்டார்கள். ஒன்றுக்குக்கூட நான் தடுமாறவில்லை.

நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதினீர்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என்னைக் கேட்டீர்களா? போன வருடம் என் தபாலை மறைத்தீர்கள், இந்த வருடம் எனக்காக நீங்களே தபால் போட்டீர்கள். இரண்டு தடவையும் என் விஷயத்தை நீங்களே முடிவு செய்தீர்கள். முதல் தவறைவிட இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் முதலாவது தவறு என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த புதன்கிழமை கிளம்புகிறேன். வழியனுப்ப வர வேண்டாம். வந்தால் லிப்டில் மாட்டிக்கொண்ட யாரையாவது பற்றிச் சொல்வீர்கள், நான் சிரித்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். சிரித்தால் கோபம் போய்விடும். அது இப்போது போகக் கூடாது. பெட்டி கட்டியதும், விசா வரிசையில் நின்றதும், இந்தக் கடிதத்தை எழுதுவதும் அதன் பலத்தில்தான்.

அங்கே போனபின் அது தானாகத் தேய்ந்தால் எழுதுவேன். தேயாவிட்டாலும் எழுதுவேன். அது வேறு மாதிரிக் கடிதமாக இருக்கும், அதற்கும் உங்கள் கையெழுத்து வேண்டியிருக்கும். எது என்று இன்று எனக்கே தெரியவில்லை. தெரியாமலே போகிறேன்.

அதுவரை நீங்கள் எழுத வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்