விரிசலின் உள்பக்கம்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய பெட்டி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய பெட்டி, உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே" என்றார். டிரம் என்றால் அப்படித்தான், முக்கால்வாசி காற்று என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தேழு வருஷம் ஆகியும் அந்த ஆரஞ்சு நிறம் கொஞ்சமும் வெளுக்கவில்லை. செட்டில் மற்ற நான்கும் நன்றாக இருக்கின்றன, தரையில் நிற்கும் பெரிய டாம் டிரம் மட்டும் விரிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். கால் பொருத்திய இடத்துக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு ஓடுகிறது. சரிசெய்துவிடலாம்.

இந்த மாதிரிப் பழைய ஃபைபர் செட்டுகளை இப்போது அங்கே தேடித் தேடி வாங்குகிறார்களாமே. எப்படிச் செய்தார்கள் என்று உன்னைக் கேட்கிறார்கள், உனக்குச் சொல்லத் தெரியவில்லை என்கிறாய். எப்படித் தெரியும்? ரெசின் பசையை இறுகவைக்கும் ஹார்டனரை அளந்து ஊற்றுவாய், செய்து முடித்ததை அடித்துப் பார்த்து "இது பேசுது, இது பேசல" என்பாய். நடுவில் நடந்ததை நீ கவனித்ததே இல்லை.

சொல்கிறேன், கேட்பவர்களுக்குச் சொல். இரண்டு பாதியாகப் பிரியும் அச்சு. அதை நான் செய்தேன். இரண்டையும் போல்ட் போட்டு முடுக்கினால் அடியில்லாத பீப்பாய் மாதிரி இருக்கும். உள்சுவரில் மெழுகு தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற வரைக்கும் பளபளப்பாக்க வேண்டும். அதன்மேல் நிறம் கலந்த முதல் பூச்சு. டிரம்மின் வெளித்தோல் அதுதான். ஆக வெளியிலிருந்து உள்ளே போகிற வேலை. பூச்சு இறுகியதும் கண்ணாடி நாரில் செய்த விரிப்பை வெட்டி வைத்து, ஹார்டனர் கலந்த ரெசினைத் தூரிகையால் ஊட்டி, இரும்பு உருளையால் உருட்ட வேண்டும். உருட்டுவது எதற்கென்றால், உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூடத் தங்கக் கூடாது. இப்படி மூன்று அடுக்கு. ஹார்டனர் விழுந்த ரெசின் இருபது நிமிஷத்தில் வாளியிலேயே கல்லாகிவிடும். அதற்குள் உருட்டி முடிக்க வேண்டும். மறுநாள் அச்சைப் பிரித்தால் ஒட்டு இல்லாத ஒரே ஓடு. மர டிரம்மில் எப்படியும் ஒரு இணைப்பு இருக்கும், நம்முடையதில் கிடையாது. அதனால்தான் மைதானத்தின் கடைசி வரிசை வரை கேட்டது.

உருட்டும் வேலை முழுக்க உன் அக்காவுடையது. அந்தக் கை வேறு யாருக்கும் வரவில்லை.

அவள் சௌக்கியம். போன மாதம் கண் டாக்டரிடம் போனோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பெட்டியை நாளைக்குத்தான் அவளிடம் காட்ட வேண்டும். நீ பழையதையெல்லாம் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஹார்டனர் பாட்டில் மூடி தளர்ந்திருந்தது, தெறித்துவிட்டது. வேண்டும் என்றா செய்தாய்? நாங்கள் அதை என்றைக்கோ மறந்துவிட்டோம்.

மாத முடிவுக்குள் டாம் உன்னிடம் வந்துவிடும்.

உன் நலம் விரும்பும்,
அத்தான்

*

மச்சானுக்கு,

போன கடிதத்தில் டிரம் செய்யும் முறை ஒன்றுதான் உண்மை. மற்றதெல்லாம் பூசி மெழுகியது.

முதலில் கண். ஹார்டனர் தெறித்த வாரமே உன் அக்காவுக்கு வலக்கண் போனது உனக்குத் தெரியும். இடக்கண் மங்கலாக இத்தனை வருஷம் ஓடியது. இரண்டு தரம் ஆபரேஷன் செய்தார்கள், இரண்டும் பலிக்கவில்லை. போன மாதம் டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இனிமே இங்க அலைய வேண்டாங்க, என்னால செய்ய முடிஞ்சது இவ்வளவுதான்" என்றார். நான் வெளியே வந்து, சொட்டு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்று அவளிடம் சொன்னேன்.

போன கடிதத்தை எழுதிய மறுநாள் காலை டாமை எடுத்து அவள் மடியில் வைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது. வெளிப்பக்கம் தடவி, "நம்ம ஆரஞ்சு தானே" என்றாள். நிறம் கைக்கு எப்படித் தெரிந்தது என்று சிரித்தேன். பிறகு உள்ளே கையை விட்டாள். உள்சுவரை நாம் தேய்க்காமல் விடுவோம் அல்லவா, அதில் உருட்டியவர் கை அப்படியே பதிந்திருக்கும். மெதுவாகச் சுற்றி வந்தாள். முக்கால் சுற்று போன பிறகு கை நின்றது. திரும்ப வந்து, திரும்ப நின்றது. அதிலிருந்து கடைசி வரை குமிழி குமிழியாக, ரெசின் குடிக்காத நார் அங்கங்கே முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. விரிசல் அந்தக் கால்பகுதியில்தான்.

"இதுவரைக்கும் நான் உருட்டினது. மிச்சத்தை யார் முடிச்சது?" என்றாள்.

டாமை அவள் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன்.

ஹார்டனர் தெறித்த அன்றைக்கு நீ கடைக்குப் போயிருந்தாய். மறுநாள் உன் இசைக்குழுவின் பயணம், செட்டில் அந்த ஒரு டாம்தான் பாக்கி. மூன்றாவது அடுக்கை உருட்டிக்கொண்டிருந்தபோது, ரெசின் இறுகப் பிந்துகிறது என்று இன்னும் ஒரு சொட்டு விடப் பாட்டிலை எடுத்தாள். தெறித்தது. குழாயடியில் உட்கார வைத்து இரண்டு குவளைத் தண்ணீர் முகத்தில் அடித்தேன். "எரியுது" என்றாள், கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனோ என்னவோ. "கண்ணை மூடிக்கிட்டு உக்காரு, வண்டி கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

பக்கத்துப் பெயின்டரின் வேன் வாசலிலேயே நின்றிருந்தது. நான் வாசலுக்குப் போகவில்லை. உள்ளே போனேன். வாளியில் ரெசின் இறுகிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம், கால் சுற்றுதானே என்று உருளையை எடுத்தேன். அரை மணி ஆனது. அதன் பிறகு வேனை எடுக்கச் சொன்னேன். வண்டி கிடைக்காமல் தெருத்தெருவாக அலைந்தேன் என்று அவளிடம் சொன்னேன். பாதியில் நின்ற டாமைத் தூக்கிப் போட்டுவிட்டேன், உனக்கு வேறொன்று செய்து கொடுத்தேன் என்றும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்த டாக்டர், "உடனே கால் மணி நேரம் விடாம தண்ணி விட்டிருந்தா ஒரு கண்ணாவது தப்பிச்சிருக்கும், ஏன் விடல?" என்று கேட்டார். நீ அப்போதுதான் மூச்சு இரைக்க ஓடி வந்தாய். எல்லோரும் இருக்க, நான் உன் பக்கம் திரும்பி, "பாட்டில் மூடியைத் தளர்த்தி வெச்சது யாரு?" என்றேன். அது யார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நீயாக இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். என்னைக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

நீ ஊரைவிட்டுப் போனாய். உங்கள் அம்மா இறந்தபோது வந்தவன், அக்கா முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே போனாய். அவள், "அவனுக்கு என்மேல என்ன கோபம்?" என்று கேட்டாள். வேலை அவசரமாக இருக்கும் என்றேன்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. கேட்டுவிட்டு அழவில்லை, திட்டவில்லை. தன் துணிகளை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போய்விட்டாள். சமைக்கிறாள். எனக்கும் ஒரு தட்டில் போட்டு வைக்கிறாள். நான் கைநீட்டி வழிகாட்டப் போனால் கையை இழுத்துக்கொண்டு சுவரைப் பிடித்து நடக்கிறாள். என்னிடம் அவள் பேசிய பேச்சு ஒன்றுதான்: "தம்பிக்கு எழுதுங்க. நான் படிச்சுப் பார்க்க முடியாதுன்னு குறைச்சு எழுதாதீங்க."

டாமும் தேறாது. விரிசலைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம் என்று ஆரம்பித்தேன். தேய்க்கத் தேய்க்க உலர்ந்த நார்தான் வருகிறது. அந்தக் கால்பகுதி முழுவதும் பொக்கு. வெட்டி எடுத்துப் புதிதாகப் போட அச்சு வேண்டும். அச்சை உடைத்து இருபது வருஷமாகிறது. மன்னித்துவிடு என்று எழுத வந்து எழுதாமல் நிறுத்துகிறேன். அதை இங்கே கேட்டாகிவிட்டது, கிடைக்கவில்லை.

இதுவரை எழுதியதைப் பெயின்டரின் மனைவியை அழைத்துவந்து அவளுக்குப் படித்துக் காட்டச் செய்தேன். என் குரலில் படித்தால் அவள் நம்பமாட்டாள். முழுக்கக் கேட்டாள். "அவனை வரச் சொல்லி எழுதிடாதீங்க. இத்தனை வருஷம் அவன் பட்டது போதும்" என்றாள்.

இனி எழுதுவது அவளுக்குத் தெரியாது. கடைசியாக ஒரு தரம் அவளை ஏமாற்றுகிறேன்.

வா, மச்சான். இடக்கண்ணில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. எதிரே ஆள் நின்றால் நிழல் மாதிரி உருவம் தெரிகிறது. அதுவும் அதிக நாள் இருக்காது என்கிறார்கள். என்னோடு பேச வேண்டாம், என் முகத்தில் விழிக்கவும் வேண்டாம். நீ வருகிற நாளைச் சொன்னால் நான் வெளியே போய்விடுகிறேன். வந்ததும் வாசலிலேயே நின்று அழைக்காதே, பயந்துவிடுவாள். முன் அறைக்குள் வந்து, ஜன்னல் வெளிச்சம் உன்மேல் விழும்படி நின்றுகொண்டு "அக்கா" என்று சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அத்தான்