வெள்ளக் கோடு

என் நெட்டைக்கு,

அம்மா எழுதுவது. நான் நலமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மருமகளும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன், உன் கடிதம் வந்துதான் ஐந்து மாதம் ஆகிறதே.

நம் வாய்க்கால் தெருவுக்குச் சரித்திரம் எழுதுகிறார்களாம். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் வீடு வீடாக வந்தார். படகில் காகிதக் கட்டுகள் வந்து இறங்கிய படித்துறை, அச்சகம் இருந்த கிடங்கு, என்னைப் போல முன்னறையில் உட்கார்ந்து மாணவர்களின் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தவர்கள், எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நானும் வாய் ஓயாமல் பேசினேன். போகும்போது, உன் அப்பா வருஷா வருஷம் உன்னை வாய்க்கால் பக்கத்துச் சுவரோடு நிறுத்தி, தலைக்கு மேல் ஆணியால் கீறி வருஷம் போட்ட கோடுகளைப் பார்த்தார். எவ்வளவு ஏறும் என்று கேட்டார். உன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, வருஷத்துக்கு இரண்டு அங்குலம் ஏறும் என்றேன். மனிதர் வெள்ளத்தைக் கேட்டிருக்கிறார்!

போன வாரம் அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கச் சொல்லித் தாள்களைக் கொண்டுவந்தார். அதில் நம் சுவரின் படம், கீழே ‘பதினான்கு வருட வெள்ளத்தின் உயரம்’ என்று. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தேன். அப்போதுதான் சொன்னார், வாய்க்கால் ஓரப் பாதையை அகலமாக்க எல்லாச் சுவரையும் இடிக்கப் போகிறார்களாம், வெள்ளக் கோடு இருப்பதால் நம்முடையதை மட்டும் நகராட்சி விட்டுவைக்கிறதாம். நாற்பது வருஷம் ஒரு பிழை விடாதவள் நான், நீ விடுதியிலிருந்து எழுதிய கடிதங்களையே சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியவள். அந்தப் பக்கத்தில் ஆறு ஒற்றுப்பிழை திருத்தினேன். அதை மட்டும் விட்டுவிட்டேன். தப்புதான். அந்தச் சுவரும் போய்விட்டால் எனக்கு இங்கே வேறு யார் இருக்கிறார்கள், சொல்.

தாள்களை வாங்கிக்கொண்டு, கடைசிக் கோட்டைக் காட்டி, “இதுக்கப்புறம் வரவே இல்லையாம்மா?” என்று கேட்டார்.

“ஒரு தடவை வந்துச்சு. ஆனா நிக்கலை” என்றேன். அப்பா போனபோது நீ வந்த மூன்று நாளைத்தான் சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். இருமல் வந்தால் அலட்சியமாக இருக்காதே. இரண்டு வரியாவது எழுது, எத்தனை பிழை இருந்தாலும் இனித் திருத்தமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா