சம்பந்தி வீட்டுக் கோழிகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்த முறை அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

வீட்டு விலாசத்தை விட்டு ஆபீஸ் விலாசத்துக்கு ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் பேசும்போது உன் குரலுக்குப் பின்னால் இன்னொருவர் மூச்சு விடுவது கேட்கிறது. உன் அப்பா அதை ஃபேன் சத்தம் என்கிறார். ஃபேன் தொண்டையைச் செருமுமா? அதனால்தான் கடிதம். படித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போட்டுவிடு, பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகாதே.

முதலில் கெட்ட செய்தி. நம் வான்கோழிகளில் பாதி போய்விட்டன. நீ மேனேஜர் என்று பெயர் வைத்தாயே, கொல்லையை மேற்பார்வை பார்த்துக்கொண்டே திரியும் பெரிய சேவல், அதுவும் போய்விட்டது. இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி மூலையில் நின்றது. எச்சம் மஞ்சள் மஞ்சளாக, கந்தகத்தைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது. உன் அப்பா சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிக் கஷாயம் போட்டார். அவருக்கு உலகத்தில் எல்லாமே சளிதான்.

எனக்கு முதல் சந்தேகம் தீவனக் கடைக்காரர் மேல். பூஞ்சை பிடித்த மூட்டையைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடையிலேயே நின்று சத்தம் போட்டேன். அடுத்து பக்கத்து வீட்டுத் தையல்காரி. விடிகாலையில் கத்துகின்றன, தூக்கம் போகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவள் திடீரென்று வாயை மூடிக்கொண்டால் என்ன அர்த்தம்? சுவரோரம் எலி மருந்து கிடக்கிறதா என்று குனிந்து தேடினேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "என்னக்கா, ஊசி கீசி தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். அசடு வழிந்தேன். ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

கடைசியில் கால்நடை டாக்டரம்மாவை வரவழைத்தோம். செத்த பறவை ஒன்றைக் கொல்லையிலேயே அறுத்துக் காட்டினார். ஈரலில் வட்ட வட்டமாகப் பள்ளம், நாணயத்தை வைத்து அழுத்தி எடுத்தது போல. குடலின் கடைசியில் இருக்கும் இரண்டு பைகளும் வீங்கி, உள்ளே கெட்டியாக மஞ்சள் கட்டி. கருந்தலை நோயாம். தலை கறுக்கவே இல்லையே, இவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. பேர்தான் அப்படி, பெரும்பாலும் தலை கறுக்காது, ஈரல்தான் சாட்சி என்றார். உடனே, "நாட்டுக்கோழி ஏதாச்சும் இதுங்களோட சேத்து விட்டீங்களா?" என்று கேட்டார்.

உன் அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உன் மாமியார் போன முறை கூடையில் கொண்டுவந்தாரே, அந்தச் சிவப்புக் கோழிகள். சம்பந்தி வீட்டுக் கோழிகளைத் தனியாகப் பின்பக்கம் அடைத்தால் அடுத்த தடவை வரும்போது பார்த்து முகம் சுளிப்பார்களே என்றுதான் வான்கோழிகளோடு ஒரே கூண்டில் விட்டார் உன் அப்பா. எனக்கும் அதுதான் மரியாதை என்று பட்டது. முகதாட்சண்யம் பார்த்தே கூண்டைக் காலி பண்ணினோம். "கோழிக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அது குடல்ல ஒரு புழுவோட சேத்து இந்த நோய்க் கிருமியையும் சுமந்துக்கிட்டு ஜம்முனு திரியும். கூட இருக்கிற வான்கோழிதான் தாங்காது" என்றார் டாக்டரம்மா. அந்தக் கோழிகள் இன்றுவரை கொழுகொழுவென்று திரிந்து முட்டை இடுகின்றன.

தெரிந்தே கொடுத்திருப்பார்கள் என்று சொல்லவில்லை. சொல்லத் தோன்றுகிறது, சொல்லவில்லை. உன் அப்பா வெள்ளந்தியாக மாப்பிள்ளைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். மாப்பிள்ளை எத்தனை செத்தது, எது பிழைத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, "அத்தை, எங்க வீட்டுக் கோழின்னு யார்கிட்டயும் சொல்லிட வேணாம்" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. வேறு என்னென்ன வெளியே தெரியக்கூடாது அந்த வீட்டில்?

இந்த நோய்க்கென்று நம்பிக் கொடுக்க மருந்து இல்லையாம். எல்லாவற்றுக்கும் புழு மருந்து கொடுத்தோம். நன்றாக இருப்பவற்றைப் பழைய மண்ணில் கால் படாமல் வேறு இடத்துக்கு மாற்றினோம். அந்த மண்ணில் புழு முட்டை வருஷக் கணக்கில் கிடக்குமாம். கோழிகள் இப்போது தனிக் கூண்டில், தெருவிலிருந்தே தெரிகிற மாதிரி இருக்கின்றன. சம்பந்தியம்மா பார்த்தால் பார்க்கட்டும்.

நோயில் கிடக்கும் ஒரு பெட்டை வான்கோழியைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது என்று டாக்டரம்மாவிடம் சாதித்தேன். அவர் என் கையைப் பிடித்து அதன் நெஞ்செலும்பில் வைத்தார். இறகுக்கு அடியில் சதையே இல்லை, கத்தி முனை போல எலும்பு. "இது நேத்து வந்ததில்லைம்மா. சோர்ந்து போனா மத்தது கொத்தும்னு கூட்டத்தோட நின்னு திங்கிற மாதிரியே காட்டிக்கும். தீவனத்தைக் கொத்தும், முழுங்காது" என்றார்.

போன முறை வந்தபோது நீயும் தட்டில் சோற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தாய். பயணக் களைப்பு என்றாய், நம்பினேன். நீ அனுப்பிய போட்டோவில் கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் பாதிக் கைக்கு ஏறியிருக்கிறது. வாராவாரம் "நல்லா இருக்கேன்மா" என்கிறாய், ஒரே மாதிரி, ஒப்பித்தது போல. எனக்குப் பயமாக இருக்கிறதடி.

உன் அறையில் அடுக்கியிருந்த தீவன மூட்டைகளை உன் அப்பா இன்று காலையில் ஒவ்வொன்றாக வெளியே தூக்கிப் போட்டார். கட்டிலைத் துடைத்தார். நான் உன் தலையணை உறையைத் துவைத்துக் காயப் போட்டேன். அந்தப் பெட்டை மதியம் நான்கு வாய் தானாக விழுங்கியது.

கடைசிக்கு வைத்திருந்ததை இப்போது கேட்கிறேன். நலமா? நலம் என்று மட்டும் பதில் எழுதாதே. எழுத ஒன்றும் வரவில்லையென்றால் காகிதத்தைத் தேட வேண்டாம். யார் முகம் சுளிப்பார்களோ என்று பார்க்காமல், கட்டிய துணியோடு கிளம்பி வந்துவிடு.

உன்னைப் பெற்றவள்