அம்மாவின் அட்டிகைக்கு வந்த ராணி

அன்பு மாறாத அப்பாவுக்கு,

அந்த அன்பு மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் நினைவு நாளுக்குத் தம்பி சேகர் நாளிதழில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்திருக்கிறான். உங்கள் படத்துக்குக் கீழே, 'நான்கு தலைமுறைப் பொற்கலைக் குடும்பத்தின் வாரிசு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது யார் என்று உங்களுக்குத் தெரியுமா?

மேற்குத் தாம்பரத்தில் நீங்கள் நடத்திய கடை இன்று ஜி.எஸ்.டி. சாலையில் மூன்று மாடி. வாசலில் கோட் அணிந்த இருவர் கதவைத் திறக்கிறார்கள். உட்கார்ந்ததும் பாதாம் பால் வருகிறது. எந்த நகையிலும் விலைச்சீட்டு இல்லை. விலை கேட்பவர் வாங்கமாட்டார் என்பது சேகரின் கொள்கை.

திறப்பு விழாவுக்கு முன்பு அவன் என்னை அழைத்தான். "அண்ணா, நம்ம ஹிஸ்டரிய சுவத்துல போடுறோம். நீதான் காலேஜ்ல ஹிஸ்டரி நடத்துறியே, எழுத்துப் பிழை மட்டும் பாத்துக் குடு. மேட்டர்ல கை வெக்காத."

கை வைக்கவில்லை. பிழைகளை மட்டும் திருத்தினேன். நம் கொள்ளுத்தாத்தா ஒரு ஜமீன் அரண்மனைக்கு நகை செய்தவர் என்பதை அப்போதுதான் அறிந்தேன். தாத்தா முடிச்சூரில் நெல் பயிரிட்டவர். அந்த நிலத்தை விற்றுத்தான் நீங்கள், தொழில் கற்ற முதல் ஆள், கடையைத் தொடங்கினீர்கள். சிலுவை பொறித்த தாலி செய்ய கிறிஸ்தவ ஆசிரியர் குடும்பங்கள் உங்களைத் தேடி வந்தன. இவற்றில் ஒன்றுகூட அந்தச் சுவரில் இல்லை. தானே உருவான மனிதருக்கு இப்போது சந்தையில் மதிப்புக் குறைவு போலிருக்கிறது.

அத்துடன் முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பிறகு ஒருநாள் அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போனேன்.

இரண்டாம் மாடியில், கண்ணாடிப் பேழைக்குள், கறுப்பு வெல்வெட்டின்மேல் ஒரு கெம்பு அட்டிகை. 'ஜமீன் ராணிக்காக எங்கள் கொள்ளுத்தாத்தா செய்தது' என்று ஓர் அட்டை. அம்மா அட்டையைப் படிக்கவில்லை. "கொஞ்சம் பின்பக்கமா திருப்பும்மா" என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டார்.

"இது விக்கிறதுக்கு இல்ல பாட்டி. ராணியம்மாவோடது."

"இருக்கட்டும்மா. கொக்கிய மட்டும் பாக்கணும்."

அந்தப் பெண் திருப்பினாள். கொக்கி இடப்பக்கம் இருந்தது. கழுத்துக்குப் பின்னால் வலது கையால் மாட்டுகிறவர்களுக்கு வசதியாக அதை வலப்பக்கம் வைப்பதுதான் வழக்கம். அம்மாவுக்கு இடது கைப் பழக்கம் என்பதால், கல்யாணம் ஆன புதிதில் நீங்கள் மாற்றி வைத்துச் செய்தது அது. வேறு எந்த நகையிலும் நீங்கள் அப்படிச் செய்ததில்லை.

அம்மா நீண்ட நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், "ராணியம்மாவும் என்னாட்டம் பீச்சாங்கைக்காரி போலக்கீது" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அந்த அட்டிகை வெள்ளத்தில் போனது, அப்பா. நாங்கள் அப்படித்தான் நம்பினோம். முடிச்சூர் வீட்டில் தண்ணீர் வடிந்த பிறகு, "பாம்பு இருக்கும், யாரும் உள்ள வராதீங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் போய் பீரோவைத் திறந்தீர்கள். வெளியே வந்து, நகைப்பெட்டி போய்விட்டது என்றீர்கள். மேல்தட்டில் இருந்ததைக் கீழே மாற்றி வைத்தவர் அம்மா. "நான்தான கீழ வெச்சேன்" என்று அன்று தொடங்கியவர் இன்றுவரை நிறுத்தவில்லை. அந்த அட்டிகை இருந்த இடத்தில் வேறு எதையும் போட்டுக்கொள்ளவும் இல்லை. "நகைக்கடைக்காரர் பொண்டாட்டி கழுத்தப் பாரேன்" என்று கல்யாண வீடுகளில் உறவினர்கள் கேலி செய்தபோது நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பெருந்தன்மை என்று எண்ணியிருந்தேன். இப்போது அதற்கு என்ன பெயர் வைப்பது?

சேகரிடம் கேட்டேன். "அப்பாதான் குடுத்தாரு. அம்மாகிட்ட சொல்லாதன்னாரு. நம்பலன்னா அவரையே போய்க் கேளு" என்றான்.

எனவே கேட்கிறேன். நீங்களே கொடுத்தீர்களா? அவன் எடுத்ததை அறிந்து மூடி மறைத்தீர்களா? அல்லது உங்களுக்கு எதுவுமே தெரியாதா? தன் வாக்குமூலத்தால் ஆதாயம் அடையும் சாட்சியை நம்பாதீர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்கிறவன் நான். சேகரை நம்பவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் நீங்கள் ஏன் தனியாகப் போனீர்கள் என்பதற்கும் என்னிடம் விடை இல்லை.

அம்மா அட்டிகையைத் திருப்பிக் கேட்கவில்லை. "அவரு எனக்காக செஞ்சதுன்னு அந்த அட்டையில போடச் சொல்லு, போதும்" என்றார்.

சேகர் மறுத்துவிட்டான். "போட்டா நூறு வருஷம் போயிடும்ணா. அப்புறம் அது சும்மா பழைய நகை."

அதனால் போன ஞாயிறு, அம்மா இப்போது வசிக்கும் மாடம்பாக்கத்திலிருந்து அவரை அழைத்துவந்து, பேழைக்கு எதிரே இருக்கும் சோபாவில் உட்கார வைத்தேன். முதலாளியின் தாயாரை யார் வெளியே அனுப்புவது? ஒரு மணப்பெண் அட்டிகையைப் பற்றி விசாரித்தாள். அம்மா இரு கைகளையும் பிடரிக்குக் கொண்டுபோய், கொக்கி ஏன் இடப்பக்கம் இருக்கிறது என்று செய்து காட்டினார். சேகர் ஓடி வந்தான்.

"அம்மா, மேல என் ரூமுக்கு வாயேன்."

"இங்கியே காத்து நல்லா வருதுடா. நீ போய் யாவாரத்தப் பாரு."

இந்தக் கடிதம் எழுதப்போவதை அம்மாவிடம் சொன்னேன். "எழுது. ஆனா, அவரு குடுக்கலன்னு ஒரு வரி சேத்துடு" என்றார். ஆதாரம் இல்லாமல் எப்படி எழுதுவது என்றேன். அம்மா என்னை வெறித்துப் பார்த்தார். "சேகரு இல்லாத ராணியவே எழுதிட்டான். உன்னால உங்கப்பாவுக்கு ஒரு வரி எழுத முடியலயா?"

அட்டை மாறும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அம்மா அந்தச் சோபாவில் இருப்பார். இது என் வாக்கு. அந்த ஒரு வரியை எழுத மூன்று முறை பேனாவைத் திறந்தேன், அப்பா. முடியவில்லை.

உங்களைக் குற்றம் சாட்டவும் விடுவிக்கவும் இயலாத,
உங்கள் மூத்த மகன்