இருபத்திரண்டு மீட்டர் காடு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் லிஃப்டுக்குக் குரல் கொடுத்தேன். "கதவு மூடுகிறது. விலகி நிற்கவும்." இதைப் பதினோரு தடவை சொல்ல வைத்தார் லிஃப்ட் கம்பெனிக்காரர். "கொஞ்சம் பாசமா சொல்லுங்கம்மா" என்கிறார். விலகி நில் என்பதை எப்படியப்பா பாசமாகச் சொல்வது? மதியம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நாற்பது ஃபிரேம்களைப் படம் பிடித்தேன். மாலையில் டிரைவிங் ஸ்கூல் அனிமேஷன். ரிவர்ஸ் எடுக்கும் கார் இன்னும் நண்டு மாதிரிதான் நகர்கிறது. அண்ணன் எனக்கு வைத்திருக்கும் பெயர் "பல்பொருள் அங்காடி". வைத்துக்கொள்ளட்டும். விளம்பரக் கம்பெனியை விட்டு வெளியே வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அங்காடி இன்னும் மூடவில்லை.

நாளையோடு குழந்தைகள் ஆஸ்பத்திரி வேலை முடிகிறது. இவ்வளவு பெரிய வேலை எனக்கு இதுவரை வந்ததில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் தாழ்வாரத்தில், இருபத்திரண்டு மீட்டர் நீளத்துக்குச் சுவர் முழுக்கக் காடு. கடைசியில் ஓர் ஒட்டகச்சிவிங்கி. அதன் கழுத்து சுவரில் ஏறி, கூரையில் வளைந்து, தியேட்டர் கதவுக்கு மேலிருந்து எட்டிப் பார்க்கும். தள்ளுவண்டி நகர நகரச் சென்சார் பார்த்து எட்டு ஸ்பீக்கர்களும் ஒவ்வொன்றாகச் சத்தம் கொடுக்கும். குருவி, குரங்கு, யானை. வரைந்தது, ஒலி சேர்த்தது, ஒயர் இழுத்தது எல்லாம் நானே.

பழைய முதலாளி போன் செய்தார். "முப்பத்தொண்ணாந்தேதி வரைக்கும் உன் சீட் காலியா இருக்கும். அதுக்கப்புறம் வேற ஆள் போட்டுடுவேன்." பக்கத்திலேயே இருந்த அம்மாவின் முகத்தில் ஆயிரம் வாட்ஸ். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இந்தக் காடு நின்றால் நானும் நிற்பேன். இல்லாவிட்டால் அந்த நாற்காலிதான்.

மார்ச் 7, வெள்ளி

திறந்துவைத்தார்கள். நிர்வாகி அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். டாக்டர்கள் எல்லோரும் ஒட்டகச்சிவிங்கியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் என்னால் ஒழுங்காக ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை.

மார்ச் 8, சனி

ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து போன். அவர்கள் நூலகச் சுவருக்கும் வேண்டுமாம்! அண்ணன்: "அங்காடிக்கு கிளை திறக்கப் போறியா?" சிரித்துச் சிரித்து வயிறு வலி. முதலாளியிடம் வரமாட்டேன் என்று நாளைக்கே சொல்லிவிடலாமா?

மார்ச் 11, செவ்வாய்

எங்கே தொடங்குவது?

காட்டைப் படம் எடுக்கக் கேமராவோடு போனேன். திருப்பத்தில் திரும்பினேன். வெள்ளை. மாடி மாறி வந்துவிட்டேன் என்று நினைத்துப் படிக்கட்டுக்கே திரும்பிப் போய்ப் பலகையைப் படித்தேன். சரியான மாடிதான். மறுபடி வந்தேன். வெள்ளை. சுவர் முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. தரையோரம் யானையின் ஒரு நகம் மட்டும் மிச்சம்.

வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பெயிண்டர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். "அக்கா, சுவத்துல சாயாதீங்க, ஈரம்" என்றார். என்ன நடந்தது என்று கேட்டேன். கேட்டேனா, கத்தினேனா?

"நேத்து வரச் சொன்னாங்க. ரெண்டு கோட் அடிச்சாச்சு. அந்த ஒட்டகச்சிவிங்கிதான் சாகவே மாட்டேங்குது, மூணாவது கோட் கேக்குது. யாரோ நல்ல பெயிண்டா போட்டிருக்காங்க."

"நான்தாங்க."

கடித்த பிஸ்கட்டைத் திரும்பப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்தார் பாவம். கூரையைக் காட்டி, "தலை மட்டும் இருக்கு. அதுக்குச் சாரம் கட்டணும்" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். கழுத்து இல்லை, உடம்பு இல்லை. தலை மட்டும் கூரையில் ஒட்டிக்கொண்டு இளித்தது.

நிர்வாகி அம்மா மீட்டிங்கில் இருந்தார். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பின்வாசல் வழியாகப் போய்விட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை! இருபத்தாறு நாள், ஏணியிலேயே குடியிருந்தேனே. எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை. பஸ்ஸிலா? பஸ்ஸில்தான் வந்திருப்பேன்.

மார்ச் 12, புதன்

சாப்பிடவில்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

மார்ச் 13, வியாழன்

நிர்வாகி அம்மா போனை எடுத்தார். "அது நிர்வாக முடிவுமா. உங்க வேலையில குறை ஒண்ணும் சொல்லல." பின் எதற்கு வெள்ளை அடித்தீர்கள் என்றால், "நிர்வாக முடிவு" என்று மறுபடியும் அதே பாட்டு. ஸ்பீக்கர்களைக் கழற்றி எடுத்துப் போகலாமாம். என்ன பெருந்தன்மை!

பள்ளிக்கூடத்திலிருந்து: "இப்போதைக்கு வேண்டாம்னு நினைக்கிறோம்." செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது. காரணம் எனக்கே தெரியாது, ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

அம்மா மெதுவாக, "அந்த ஆபீஸ்ல ஏசி உண்டுல்ல?" என்றாள். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பாவம், அவள் என்ன செய்வாள்.

மார்ச் 15, சனி

ஸ்பீக்கர் கழற்றப் போனேன். தலைமை நர்ஸ் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். இந்த இருபத்தாறு நாளில் என்னிடம் மொத்தம் நாலு வார்த்தை பேசியிருப்பார்.

"காரணம் தெரியணுமா?" என்றார்.

"தெரியணும்."

காலித் தள்ளுவண்டி ஒன்றைக் காட்டினார். "இதுல படுங்க."

"எதுக்கு சிஸ்டர்?"

"செருப்பைக் கழட்டிட்டுப் படுங்கம்மா."

படுத்தேன். இடுப்பில் பட்டையைப் போட்டு இறுக்கினார். ஸ்பீக்கர்களின் ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் தள்ள ஆரம்பித்தார். படுத்திருப்பவருக்குச் சுவர் என்ற ஒன்றே இல்லை. கூரை மட்டும்தான். டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றாக முகத்துக்கு மேலே வந்து போகின்றன. சிஸ்டரின் மூக்குத் துவாரம் தெரிகிறது. குருவி கத்தியது. சரி. குரங்கு கத்தியது. காதுக்கு வெகு பக்கத்தில். பிறகு யானை— என் காதுக்குள்ளேயே பிளிறியது. தூக்கி வாரிப் போட்டது எனக்கு. எழப் பார்த்தேன், பட்டை இழுத்தது. ஸ்பீக்கர்களை யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று இடுப்பு உயரத்தில் ஒளித்துவைத்தவள் நான்தான். அது நிற்பவர்களின் இடுப்பு. வண்டியில் படுத்திருக்கும் குழந்தையின் காது.

அப்போதுதான் அது வந்தது. தலைகீழாக. நெற்றி கீழே, பல் மேலே, மிகப் பெரிதாக, நேரே என் முகத்துக்கு மேல். ஒவ்வொரு இமை முடியும் நான் வரைந்தது. எனக்கே அலறல் வந்துவிட்டது.

வண்டி நின்றது. சிஸ்டர் மெல்லச் சொன்னார்: "முதல் நாளே ஏழு பிள்ளைங்க கத்தினாங்க. சனிக்கிழமை ஒரு ஆறு வயசுப் பொண்ணு. தலையைப் பாத்துக் கத்துச்சு, பட்டையை இறுக்கறதுக்குள்ள ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிட்டுக் குதிச்சிடுச்சு. தாடையில மூணு தையல். ஆபரேஷனைத் தள்ளி வச்சிருக்கோம்."

சனிக்கிழமை. நான் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்று எழுதிய அதே சனிக்கிழமை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மேடம் கையெழுத்துப் போட்ட வேலை. வெளியே தெரிஞ்சா அவங்களுக்கும் அசிங்கம்."

இத்தனை நாள் அந்தத் தாழ்வாரத்தில் நின்றிருக்கிறேன், மண்டி போட்டிருக்கிறேன், ஏணியில் ஏறியிருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை படுத்துப் பார்த்தேனா? அந்த வழியாகப் போகிற ஒரு பிள்ளையாவது நடந்து போகுமா? இதுகூடத் தோன்றாத நான் என்ன கலைஞர், என்ன மண்ணாங்கட்டி.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் முகம் இப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். "அந்தப் பொண்ணைப் பாத்தியா?" என்று மட்டும்தான் கேட்டார்.

பார்க்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் ஒரு அதிர்ச்சிதான்.

மார்ச் 17, திங்கள்

பார்த்தேன். தாடையில் பிளாஸ்திரி, கையில் நோட்டுப் புத்தகம். அப்பாக்காரர் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். "அந்தக் காட்டை வரைஞ்சது நான்தாங்க" என்றேன். கத்தி அப்படியே நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். "தூக்கத்துல இன்னும் கத்துறா" என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தார். நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

பொண்ணுதான் பேசியது. "அந்தத் தலைய அழிச்சாச்சா?"

"காலையில அழிச்சாச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தான் வரேன்."

கொஞ்ச நேரம் என்னை நம்பலாமா என்று யோசித்தது. பிறகு, "மேல எத்தனை லைட்டு தெரியுமா? எட்டுன்னு நர்ஸ் அக்கா அப்புறமா சொன்னாங்க. நான் எண்ணிக்கிட்டேதான் போனேன். மூணு எண்ணிட்டேன். யானை கத்திச்சா, விட்டுப்போச்சு" என்றது.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அது பயப்படாமல் போகத் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்திருக்கிறது. என்னிடமோ வேறு யாரிடமோ கேட்காமல், தானாகவே. அதில்தான் நான் யானையை விட்டிருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

நிர்வாகி அம்மாவை இந்தத் தடவை பின்வாசலிலேயே போய்ப் பிடித்தேன். "காடும் வேணாம், மலையும் வேணாம், என்னை விட்டுடுங்கம்மா" என்றார். ஒரு கோடுகூட வரையமாட்டேன், பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே மாட்டேன், அந்த ஸ்பீக்கர்கள் மட்டும் அங்கேயே இருக்கட்டும் என்று கெஞ்சினேன். சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்று, "ஒரு வாரம் பாக்கலாம் மேடம். நான் பொறுப்பு" என்றார். நாலு வார்த்தைக்காரர் எனக்காகப் பொறுப்பேற்கிறார்!

மார்ச் 20, வியாழன்

துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பதிவு செய்தேன். சட்டைகளுக்கு நடுவில்தான் எதிரொலி வராது. எட்டு ஸ்பீக்கர், எட்டு விளக்கு. ரகசியம் சொல்கிற குரலில்: "இதோ, ஒண்ணு வந்தாச்சு… ரெண்டு, பாத்தியா…" ஆறாவதற்கு, "இதுதான் இருக்கிறதுலயே பளிச்சுனு எரியுது." நேற்று நானே படுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டது. ஒன்பதாவது முயற்சியின்போது அம்மா அலமாரியைத் திறந்து புடவை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழகிவிட்டாள் போல.

மார்ச் 25, செவ்வாய்

சிஸ்டர் போன்.

"நேத்து ஆறாவது லைட் ஃபியூஸ் போயிடுச்சு."

செத்தேன் என்று நினைத்தேன். மறுபடியும் தப்பு, மறுபடியும் நான்! "இப்பவே வந்து மாத்திப் பதிவு பண்றேன் சிஸ்டர், அரை மணி நேரத்துல வரேன்—"

"பேச விடுங்கம்மா. அந்தத் தாடைத் தையல் பொண்ணுக்கு இன்னைக்குதான் ஆபரேஷன். வண்டியில ஏறும்போதே என் கையைப் பிடிச்சது பாருங்க, நகம் பதிஞ்சிருக்கு. உங்க குரல் எண்ண ஆரம்பிச்சதும் அதுவும் கூடவே எண்ணிச்சு. ஆறு வந்துச்சா. நீங்க பளிச்சுனு எரியுதுங்கிறீங்க, மேல ஒரே இருட்டு. 'பொய்! அக்கா பொய் சொல்றாங்க! எரியவே இல்ல!'ன்னு கத்துது. ஆனா சிரிச்சுக்கிட்டே கத்துது. தியேட்டர் கதவைத் தாண்டினதே தெரியல அதுக்கு. உள்ள இருந்த டாக்டர்கிட்டயும் அதையேதான் சொல்லிச்சு."

"ஆபரேஷன்?"

"நல்லா முடிஞ்சுது. எலக்ட்ரீஷியன் ஏணியோட வந்தான். அந்த லைட்ல கை வைக்கக் கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டேன். நீங்களும் உங்க பதிவுல கை வைக்காதீங்க."

போனை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். அம்மா பயந்துபோய் அண்ணனுக்குப் போன் செய்துவிட்டாள். அவன் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறான், ஒரு கால் செருப்பு மாறியிருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

முதலாளிக்குப் போன் செய்து, வேறு ஆள் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சுவர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை.

மே 6, செவ்வாய்

சிஸ்டர் சொல்லி வேறொரு ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். ஸ்கேன் எடுக்கும் அறை. பிள்ளைகள் இருபது நிமிஷம் அசையாமல் கிடக்க வேண்டுமாம். டாக்டர் பெரிய மனிதர், நரைத்த மீசை. எந்தச் சுவரில் என்ன படம் வரலாம் என்று கை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். மெஷினில் ஏற வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. நான் பையைக் கீழே வைத்தேன், செருப்பைக் கழற்றினேன், மெஷின் ஓரமாகத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டேன்.

"அம்மா! என்னாச்சு? மயக்கமா?"

"இல்ல டாக்டர். பாக்குறேன்."

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கதவை ஒரு தடவை பார்த்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். முனகிக்கொண்டே அவரும் படுத்தார். கூரை முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஈரக் கறை. அதன் நடுவில் மூடியில்லாத ஓட்டை ஒன்று, அதிலிருந்து இரண்டு கறுப்பு ஒயர்கள் நேரே எங்கள் முகத்தைப் பார்த்துத் தொங்கின.

"பதினெட்டு வருஷமா இந்த ரூம்ல இருக்கேன்மா" என்றார். குரல் உடைந்திருந்தது. "தினம் பத்துப் பிள்ளைங்களை இங்க படுக்க வச்சிட்டு, அழாதேன்னு அதட்டியிருக்கேன்."