முறுக்கு அச்சுக்குள் ஓர் ஆரஞ்சுப் பந்து

முறுக்கு அச்சைத் திறந்ததும் உள்ளிருந்து உன் பந்து விழுந்தது. கூடத்துத் தரையில் மூன்று தரம் துள்ளிவிட்டு, வழக்கம்போல் தானாகவே பால்கனிப் பக்கம் உருளத் தொடங்கியது. காலால் தடுத்தேன். பிறகு மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அழுகை அப்புறம்தான் வந்தது, அதுவும் கொஞ்சம்தான்.

எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா? நீ போன எட்டு மாதத்தில் அரிசி டின், மெத்தைக்கு அடி, பூஜை அலமாரி எல்லாம் பார்த்தாகிவிட்டது. முறுக்கு அச்சு மட்டும் தோன்றவே இல்லை. நான் முறுக்கு பிழிந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று உனக்குத் தெரியும். மாட்டுங்காவிலிருந்து முறுக்குப் பொட்டலம் வாங்கி வந்து கொடுத்தவளே நீதானே. என் சோம்பேறித்தனத்தின் மேல் உனக்கு இருந்த நம்பிக்கை வேறு எதன் மேலும் இருந்ததில்லை.

செம்பூரில் இந்தக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். சனிக்கிழமை சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு பார்த்தாயிற்று. இன்று வியாழன். பந்து கிடைக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாகக் கிளம்பியிருப்பேன். இப்போது ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே, அந்த இங்கிலாந்துக் கடற்கரையில், மினி கோல்ஃப் ஆட்டத்தில் நீ அடிக்காமல் விட்டுவந்த பதினெட்டாவது குழியை இந்த வீட்டை விடும் முன் நான் அடித்து முடிப்பதா, இல்லை அப்படியே விடுவதா?

நீ இருந்தால், "ஏண்டி ரூல் புக், இதுக்கெல்லாமா மண்டையை உடைச்சுப்பா?" என்பாய். எனக்கு அந்தப் பெயரை வைத்ததே நீதான், அதுவும் முதல் நாளிலேயே. நான் செம்பூரில் லோக்கல் ரயில் ஏறி எப்படியோ ஜன்னலோரம் பிடித்திருந்தேன். நீ வடாலாவில் ஏறினாய். மூன்று பேர் சீட்டில் மூன்று பேர் இருந்தோம். நீ வந்து நின்று, கொஞ்சம் நகருங்கள் என்பதாகக் கையை விசிறிபோல் ஆட்டி, "ஜரா சர்க்கோ" என்றாய். மற்ற இரண்டு பேரும் நகர்ந்தார்கள். பம்பாய் லோக்கலில் நாலாவது சீட்டு என்று ஒன்று உண்டு, அரை இடுப்பு உள்ளே, அரை இடுப்பு அந்தரத்தில். நான்தான் நகரவில்லை. இது மூன்று பேர் சீட்டு என்று தமிழில் முணுமுணுத்தேன். நீ ஏறக்குறைய என் மடியிலேயே உட்கார்ந்து, "தமிழா? அப்போ இன்னும் நன்னா நகரணுமே!" என்றாய். வி.டி. ஸ்டேஷன் வருவதற்குள் என் டிபன் டப்பாவில் கை வைத்துவிட்டாய். அதன் பிறகு இருபத்திரண்டு வருஷம் அந்த வண்டியில் உனக்காக நகர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இருவரும் ரிட்டயர் ஆன பிறகு, இங்கிலாந்தில் இருக்கும் உன் பெண் நம்மை அங்கே கூப்பிட்டாள். நான் வரமாட்டேன் என்று மூன்று மாதம் பிடிவாதம் பிடித்தேன். வயசான காலத்தில் இதெல்லாம் எதற்கு, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்றேன். "சொல்றவா யாராவது டிக்கெட் வாங்கித் தராளா?" என்று கேட்டு வாயை அடைத்தாய். அங்கே போனதும் உன் பெண் அரண்மனை, மியூசியம் என்று ஒரு பட்டியலை நீட்டினாள். நீ கடலோரத்தில் இருக்கும் தலைகீழ் வீட்டின் போட்டோ ஒன்றைக் காட்டினாய். "அரண்மனை எல்லா ஊர்லயும் இருக்கு. இது எங்க இருக்கு, சொல்லு பாப்போம்?"

அப்படித்தான் ஒரு வாரம் தெற்குக் கடற்கரை ஊர்களைச் சுற்றினோம். ஜூன் மாதத்துக் குளிரில் புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் கான்வாஸ் ஷூ, கைப்பையில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. ப்ரைட்டனில் அந்தத் தலைகீழ் வீட்டுக்குள் நுழைந்தோம். சோபா, கட்டில், சமையல் அடுப்பு எல்லாம் கூரையில் தொங்கின. எனக்குத் தலை சுற்றியது. நீ அண்ணாந்து பார்த்து, "இதுதாண்டி நம்ம ஊர் மழைக்கு ஏத்த வீடு. எவ்வளவு தண்ணி வந்தாலும் ஒரு சாமான் நனையாது" என்றாய். உன் பெண் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் டிக்கெட் கொடுத்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இடுப்புயரத்துக்கு வீடுகள் கட்டி வைத்த பொம்மைக் கிராமம் ஒன்று பார்த்தோம். சர்ச் இருந்தது, கிரிக்கெட் ஆடும் மனிதர்கள் இருந்தார்கள், துணிக்கொடியில் கைக்குட்டை அளவு போர்வை கூடக் காய்ந்தது. எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, தண்ணி டேங்கர் எங்க?" என்றாய். ஆளை ஒட்டடைக் குச்சியாகவும் உரலாகவும் காட்டும் கண்ணாடிகளின் முன்னால் நான் வெட்கப்பட்டு ஒதுங்கினேன். நீ ஒவ்வொன்றின் முன்னும் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒல்லியாகக் காட்டிய கண்ணாடியை விலைக்குக் கேட்டாய். கடலுக்குள் நீண்டு போகும் மரப்பாலத்தில் கடைசி வரை நடந்தோம். அங்கே ஒரு ஐஸ்கிரீம் கடையும் காற்றும் தவிர ஒன்றுமில்லை. "ஒண்ணுமில்லாத இடத்துக்கு இவ்வளவு பெரிய பாலமா!" என்று உனக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது.

அந்தப் பாலத்தில்தான் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கும் கொட்டகையில் ஒரே பெஞ்சு, அதில் மூன்று பேர். ஒரு கிழவர், அவர் மனைவி, அவளுடைய தங்கை. நான் நின்றுகொள்ளலாம் என்றேன். நீ நேரே போய்க் கையை விசிறிபோல் ஆட்டினாய். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ ஆபத்து என்று நினைத்தார்களோ என்னவோ, மளமளவென்று நகர்ந்தார்கள். நாலாவது சீட்டில் நீ, உன் மடியோடு மடியாக ஐந்தாவதாக நான். அதோடு விட்டாயா? லோக்கலில் சீட்டுப் பிடிக்கிற வாய் வழக்கம் போகுமா? அந்தக் கிழவியிடம் ஆங்கிலத்தில், "நீங்க எங்கே இறங்கணும்?" என்று கேட்டுவிட்டாய். அவள் யோசித்து, நாற்பது வருஷமாக இதே ஊரில்தான் இருக்கிறோம், எங்கும் போகிற எண்ணமில்லை என்றாள். நீ என் பக்கம் திரும்பி, "இந்த சீட்டு காலியாகாதுடி" என்றாய். மழை விடுவதற்குள் அந்தக் கிழவி நம் இட்லியைத் தின்று, கண்ணில் நீர் வர இருமி, இன்னொன்று கேட்டு வாங்கினாள்.

மறுநாள் ஹேஸ்டிங்ஸில் மினி கோல்ஃப். குட்டிக் காற்றாலை, குட்டிக் கலங்கரை விளக்கம், ஒரு கொள்ளைக்காரன் கப்பல், அவற்றுக்கு நடுவே பச்சைக் கம்பளம் விரித்த பதினெட்டுக் குழிகள். எனக்கு நீலப் பந்து, உனக்கு ஆரஞ்சு. கணக்கு அட்டையும் பென்சிலும் யார் கையில் இருந்தன என்று சொல்லவே வேண்டாம். நீ ஆடியது ஆட்டமே இல்லை. பந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டால் ஷூ நுனியால் அதைத் தள்ளி, "ஜரா சர்க்கோ" என்பாய். நான் ஒரு அடி கூட்டி எழுதுவேன். காற்றாலையின் இறக்கை உன் பந்தை ஆறு தரம் திருப்பி அனுப்பியது. கம்பளம் கோணல் என்று நீ குறை சொன்னாய். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்றேன் நான். பக்கத்தில் காத்திருந்த குடும்பத்துக்கு நாம் என்ன பேசுகிறோம் என்று புரியாவிட்டாலும், அவர்கள் உன் கட்சி.

பதினெட்டாவதில் நான் முதலில் அடித்தேன். பந்து குழியில் விழுந்தது, குழாய்க்குள் கடகடவென்று ஓடியது, அவ்வளவுதான். குழாயடியில் தண்ணீருக்கு நிற்பதுபோல் இருவரும் குனிந்து காத்திருந்தோம். வரவில்லை. கடைசிக் குழி பந்தை விழுங்கிவிடும், அது நேரே கவுண்டருக்குப் போய்விடும் என்று உன் பெண் விளக்கினாள். நீ உன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டாய்.

"அப்போ நான் அடிக்கலை."

நான் சிரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ரயிலில் உன் கைப்பையில் மூக்குக் கண்ணாடி தேடியபோதுதான் பந்து கையில் தட்டுப்பட்டது. எனக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். முப்பத்தைந்து வருஷம் ஆபீஸிலிருந்து ஒரு குண்டூசி கூட வீட்டுக்குக் கொண்டுவராதவள் நான். திருட்டு என்று சொல்லிவிட்டேன், உன் பெண்ணின் எதிரிலேயே. நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, கொஞ்சமும் கோபப்படாமல் சொன்னாய்: "திருடலைடி. ஆட்டம் முடியலை. ஆட்டம் முடியற வரைக்கும் பந்து ஆடறவாளோடது. அடுத்த தடவை வந்து முடிச்சுட்டுக் குடுத்துடலாம்."

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளை இப்போது நினைத்தால் என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. உன்னோடு அங்கே இருந்தது மொத்தமே பதினோரு நாள்தான்.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. முதலில் உன் முழங்கால், பிறகு என் கண் ஆபரேஷன், பிறகு என்னென்னவோ. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை தோறும் மாட்டுங்காவிலிருந்து முறுக்குப் பொட்டலத்தோடு வந்தாய். முதல் ஞாயிறே பந்தை என் கூடத்தில் வைத்தாய். அது தானாக நகர்ந்து பால்கனிக்குப் போனது. "பாத்தியா? இங்க கூடமே கோணல்தான். இனிமே அந்தப் பழமொழியை எடுக்காதே" என்றாய். குடையைத் தலைகீழாகப் பிடித்து வளைந்த கைப்பிடியால் அடித்தோம். சாய்த்து வைத்த டம்ளர் ஒரு குழி, கட்டிலடியில் கிடக்கும் செருப்பு இன்னொன்று. பால்கனி மூலையில் மழைத்தண்ணீர் போகும் ஓட்டைக்கு மட்டும் நீ பதினெட்டாவது என்று பெயர் வைத்தாய். அதை யாரும் அடிக்கக்கூடாது. ஆட்டம் தொடங்கும் முன் பழந்துணியைச் சுருட்டி அதை அடைப்பாய், போகும்போது எடுத்துவிடுவாய். ஒரு ஜூலையில் எடுக்க மறந்துவிட்டாய். அன்று ராத்திரி பெய்த மழையில் பால்கனி நிரம்பித் தண்ணீர் கூடத்துக்கு வந்தது. போனில் கத்தினேன். "தலைகீழ் வீடு கட்டிக்கோன்னு அப்பவே சொன்னேனே" என்றாய்.

ஆனால் என் புத்தி விடவில்லை. பந்தைப் பார்க்கும்போதெல்லாம் ஹேஸ்டிங்ஸில் பந்து கொடுத்த கவுண்டர் அம்மாளின் முகம் நினைவுக்கு வரும். கூரியரில் அனுப்பிவிடப் போகிறேன் என்று ஒரு ஞாயிறு மிரட்டினேன். அடுத்த ஞாயிறு பந்தைக் காணோம். கேட்டதற்கு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் மாதிரி, "பந்தா? எந்தப் பந்து?" என்றாய். அதற்கடுத்த ஞாயிறு நீ வரவில்லை. செவ்வாய்க்கிழமை உன் பெண் இங்கிலாந்திலிருந்து பறந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவோ கேட்டேன். பந்து எங்கே என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை இதுவரை எழுதி நிறுத்தினேன். இன்று சனிக்கிழமை இரவு, புது வீட்டில் உட்கார்ந்து மீதியை எழுதுகிறேன்.

காலையில் சாமான் எல்லாம் போய்விட்டது. காலிக் கூடம், குடை, பந்து, நான். உன் பழந்துணி பால்கனிக் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை மடித்துப் பையில் வைத்தேன். ஓட்டையை அடைக்கவில்லை. அடித்தால் பந்து போய்விடும், அடிக்காவிட்டால் நாளை இந்தத் தரையே இருக்காது. கால் மணி நேரம் நின்றேன். பிறகு, உனக்காகத்தான், லேசாகத் தட்டினேன். கூடத்தின் கோணல் மற்றதைப் பார்த்துக்கொண்டது. பந்து சாவகாசமாக உருண்டு பால்கனிப் படியில் இறங்கி, மூலைக்குப் போய், ஓட்டையின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. குனிந்து ஓட்டையில் காதை வைத்தேன்.

அப்போது கீழேயிருந்து வாட்ச்மேன் குரல் கேட்டது. "ஆண்ட்டி! ஊப்பர் ஸே பால் கிரா! ஆப்கா ஹை க்யா?" மேலேயிருந்து பந்து விழுந்ததாம், என்னுடையதா என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் இரண்டு மாடி ஏறி மூச்சிரைக்க வந்து பந்தை நீட்டினார். மழைக்குழாய்க்குள் எத்தனையோ வருஷமாகக் கிடந்த பாசி அதில் ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தேன். ஆமாம், என்னுடையதுதான் என்றேன். பிறகு, இல்லை, என் சிநேகிதியுடையது என்று திருத்தினேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மாலையெல்லாம் யோசித்தேன். உன் சட்டப்படி ஆட்டம் முடிந்ததும் பந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் விதி என்று வந்துவிட்டால் அது என் இலாகா. கடைசிக் குழியில் விழுந்த பந்து திரும்பி வராது, நம் கண்ணாலேயே பார்த்தோம். இது திரும்பி வந்துவிட்டது. ஆகவே பால்கனி ஓட்டை பதினெட்டாவது குழியே அல்ல என்று தீர்ப்பளித்துவிட்டேன். நான் அடித்ததும் கணக்கில் சேராது.

ஆட்டம் முடியவில்லையடி. பந்து என் கைப்பையில், மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த அடி உன்னுடையது.