என் சாவை நானே அறிவித்த கதை

எலாஃபெபோலியோன் மாதம், 2
ஏதென்ஸின் எல்லாத் தெய்வங்கள் மீதும் ஆணை: இதில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

தங்கை மகன் தெரோன் எழுதிய முதல் துன்பியல் நாடகம். அரசன் வேடம், சாட்சாத் நானே. அவதூறை நம்பி மகனைத் துரத்துகிறேன்; அவன் இறந்தபின் உண்மை தெரிகிறது; வாளில் பாய்ந்து சாகிறேன். எங்கே? மேடைக் கதவுக்கு உள்ளே!

"சாவை சனங்க பார்க்கக் கூடாது மாமா. ஒரு 'ஐயோ' கேக்கும். அப்புறம் தூதன் வந்து சொல்வான்."

தூதன் யார்? தவளைத் தொண்டை லாம்போன்! என் சாவு, அவனுக்கு ஐம்பது வரி. எனக்கு ஒரு ஐயோ!

5
ஒத்திகையில் பதினேழு ஐயோ போட்டேன். பாடற்குழு சிரித்துவிட்டது. தெரோன் கத்தினான். "இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்றேன்.

"அரசனும் மகன்கிட்ட இதைத்தானே சொல்றான்?" என்றான் குழுவில் ஒருவன். அற்பப் பதர்!

9
தெரோன் வரவில்லை. வரவேண்டாமே! பருப்புக் கூழை ஏன் இருவருக்கு வைத்துத் தொலைத்தேன்?

12
நாடக நாள். அரங்கில் ஒரு லட்சம் பேர். என் ஐயோவில் அக்ரோபோலிஸ் குன்றே ஆடியது. உள்ளே லாம்போன் வெளுத்துப்போய் நிற்கிறான்; வாய் திறந்தால் காற்றுதான் வருகிறது. கத்திக் கத்திப் பழகிய லட்சணம்!

செத்தவன் சும்மாதானே இருக்கிறேன்? தூதன் முகமூடியை மாட்டிக்கொண்டு போனேன். "துரத்திய மகனைப் பெயர் சொல்லி அழைத்தார். பதில் இல்லை." நிறுத்தக் கூடாத இடம். குரல் நின்றுவிட்டது.

பிறகு அழுதார்கள் பாருங்கள்! கண்ணீர் தேங்கிய கீழ்ப்படிகளில் மீன் பிடித்தார்கள்.

13
அநியாயம்! சந்தையில் லாம்போனைத் தோளில் தூக்கித் திரிகிறார்கள். முகமூடிக்குள் இருந்தது யாரென்று எவன் கண்டான்? அவன் கரகரக்கிறான், மீன்காரி உருகுகிறாள்: "பாவம், நமக்காகத் தொண்டையையே கிழிச்சுக்கிட்டாரு!" விலாங்கு மீன் இலவசம். அவனும் கூச்சமின்றித் தலையாட்டுகிறான்!

"அது நான்!" என்று அலறினேன்.

"நீங்கதான் உள்ளே செத்துட்டீங்களே, பெரியவரே?"

15
தெரோன் வாசலில். நாடகத் தெய்வம் டயோனிசஸ் கோயிலில் காணிக்கையாக மாட்டப்போகும் முகமூடிகள் கையில். தூதனுடையதைத் திருப்பிக் காட்டினான்.

"உள்பக்கம் சாயம் கரைஞ்சிருக்கே, மாமா?"

"வியர்வைடா."

"கண்ணுக்குக் கீழே மட்டுமா?"

கூழ் ஊற்றினேன். இரண்டு கிண்ணம் குடித்தான்.

லட்சம் பேர், ஆடிய குன்று, மீன் பிடித்தது எல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். அந்தக் கறை மட்டும் உண்மை.